அகஸ்தியர் மலைக்கு விருந்தாளியாகப் போவோம்

(அதியன்னூரில் நடைபெற்ற நம் உறுப்பினர் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சாப்பாட்டுக்கு முன்னால் பேசுவது மிகவும் கஷ்டமான காரியம். உள்ளே பாலடைப் பிரதமன் தயாராகிக் கொண்டிருக்கிறது. அதன் வாசனையோடு என் பேச்சு போட்டி போட வேண்டும்! காரியதரிசி என்னிடம், "ஏதாவது ஆன்மீகமா பேசுங்கோ, ஆனா குழந்தைகளுக்கும் பிடிக்கணும்" என்றார். இரண்டையும் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மலை. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து வடகிழக்கே இருக்கிறது. நாம் அகஸ்தியகூடம் என்கிறோம். திருநெல்வேலிக்காரர்கள் பொதிகை என்கிறார்கள். மலை ஒன்றுதான்.

நம் குழந்தைகள் இப்போதெல்லாம் விடுமுறை என்றால் 'ட்ரெக்கிங்' என்று கிளம்பி விடுகிறார்கள். ஹிமாலயத்துக்குப் போகிறார்கள், சஹ்யாத்ரிக் கோட்டைகளில் ஏறுகிறார்கள். ரொம்ப ஸந்தோஷம். ஆனால் பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கும் மேல் உயரமுள்ள ஒரு மலையும், அதைச் சுற்றி இத்தனை பெரிய காடும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த மலைக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உச்சி வரை போனேன். இரண்டாம் தடவை பாதியில் நின்று விட்டேன். இரண்டில் எது நல்ல யாத்திரை என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தினமும் நம் அகத்தில் இருக்கும் முனிவர்

முதலில் அகஸ்தியர் நமக்கு யார் என்று பார்ப்போம். சிவபெருமான் கல்யாணத்துக்கு எல்லோரும் கைலாஸத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, அதைச் சமன் செய்ய அவர் தெற்கே வந்தார் என்ற கதை குழந்தைகளுக்கும் தெரியும். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று தமிழ் மரபு சொல்கிறது. அந்த 'அகத்தியம்' நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

ஆனால் இன்னும் நெருக்கமான உறவு ஒன்று உண்டு. காலையில் ஆதித்ய ஹ்ருதயம் சொல்கிறோம். யுத்த களத்தில் களைத்து நின்ற ராமனுக்கு அதை உபதேசம் செய்தவர் அகஸ்தியர். வெள்ளிக்கிழமை மாமிகள் எல்லோரும் லலிதா ஸஹஸ்ரநாமம் சொல்கிறார்கள். ஹயக்ரீவர் அதை உபதேசித்தது யாருக்கு? இதே அகஸ்தியருக்குத்தான். நம் அகத்துப் பூஜை அறையில் தினம் வந்து போகிறவர் அவர்.

அந்த மலையிலிருந்துதான் நெய்யாறு வருகிறது. அகஸ்தியர் ஹோமம் செய்த நெய் வழிந்து ஆறாக ஓடியது, அதனால் நெய்யாறு என்று என் பாட்டி சொல்வாள். மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரையைத் தொட்டு, பூவாறில் கடலில் சேர 56 கிலோமீட்டர் ஓடுகிறது. திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் கரமனையாறும் அதே மலைத்தொடரில் பிறப்பதுதான். கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகி பாபநாசம், திருநெல்வேலி என்று போய் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. நமக்கு ஸம்பந்தி வீடு திருநெல்வேலியில் இருந்தால், இரண்டு வீட்டுக் குடத்திலும் இருப்பது ஒரே மலையின் தண்ணீர்!

தண்ணீரில் சண்டையும் உண்டு என்பதைப் பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு தாலுகாவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது. 2012-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த விவகாரத்துக்குள் நான் போகவில்லை. எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும், மேலே காடு இருந்தால்தான் கீழே பங்கு போட ஏதாவது இருக்கும். அது ஒன்றை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

1984-ல் நான் செய்த காரியம்

முதல் தடவை நான் போனது 1984-ல். எனக்கு 21 வயது. அப்பாவின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள், நானும் ஒட்டிக் கொண்டேன். பூஜை ஸாமான், பால், தேன், கற்பூரம், ஒரு வாரத்துக்கு வேண்டிய புளியோதரை என்று மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொண்டோம்.

என் அக்கா அப்போது திருவனந்தபுரத்தில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்துக் கொண்டிருந்தாள். செடிகளைப் பழைய பேப்பர் நடுவில் வைத்து, அழுத்தி, உலர்த்தி, வெள்ளை அட்டையில் ஒட்டி, பேர் எழுதி வைப்பாள். எங்கள் அகத்துப் பரண் முழுக்க அவள் செடிகள்தான். "நானும் வரேன் அப்பா" என்றாள். அப்பா, "அந்த மலைக்கு ஸ்த்ரீகள் போறதில்லைம்மா. அகஸ்தியர் பிரம்மசாரியா தபஸ் பண்ற இடம்" என்று சொல்லி விட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வழியில என்னென்ன மரம், எந்த உசரத்தில எது மாறறதுன்னு பாத்துண்டு வந்து சொல்லுடா" என்றாள்.

எனக்கு ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் கூட வித்தியாசம் சரியாகத் தெரியாது! மூன்று நாள் ஏறி இறங்கினேன். உச்சியில் முனிவர் விக்ரஹத்துக்குப் பால் அபிஷேகம் செய்தோம், கற்பூரம் ஏற்றினோம், பிளாஸ்டிக் பையையும் எண்ணெய்க் காகிதத்தையும் அங்கேயே பாறை இடுக்கில் செருகி விட்டு வந்தோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

இறங்கும்போது ஒரு பாறையில் ஆர்க்கிட் செடி ஒன்று பூத்திருந்தது. அக்காவுக்கு மரங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இதையாவது கொண்டு போவோம் என்று வேரோடு பிடுங்கி ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டு வந்தேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பார்த்ததும் அவள் முகம் வாடி விட்டது. "அஞ்சாயிரம் அடியில, மஞ்சிலயும் காத்திலயும் வளர்றதுடா இது. நம்மாத்துக் கொல்லையில எப்படிப் பொழைக்கும்?" என்றாள். தேங்காய் மட்டையில் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளித்தாள். இரண்டு வாரத்தில் அது போய் விட்டது. காய்ந்ததை எடுத்து அட்டையில் ஒட்டி, இனம் என்ற இடத்தில் 'ஆர்க்கிட்' என்றும் ஒரு கேள்விக்குறியும் போட்டு, 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பேரை எழுதினாள். கேலிக்காகச் செய்யவில்லை. அவர்கள் படிப்பில் அப்படித்தான் எழுத வேண்டுமாம்.

இது ஏதோ ஒரு பையன் செய்த விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் அந்த மலைக்கே உரிய ஓர் ஆர்க்கிட்டின் சரித்திரத்தைப் பின்னால் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பாஃபியோபெடிலம் துருரி' என்று அதற்குப் பேர். செருப்பு வடிவத்தில் மஞ்சள் பூ. 1865-ல் கர்னல் துருரி என்ற ஆங்கிலேயர் இந்த மலையில் கண்டெடுத்தார், அதனால் அந்தப் பேர். பூ அழகாக இருந்ததால் வியாபாரிகளும் ஆர்வலர்களும் வேரோடு பிடுங்கிக் கொண்டே போனார்கள். அது அழிந்தே போய் விட்டது என்று நினைக்கும் நிலைமை வந்தது. 1970களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றும் அழிவின் விளிம்பில் இருக்கும் செடி அது. நான் பிடுங்கியது அந்த இனமோ, வேறோ, செய்த காரியம் ஒன்றுதான். கெட்ட எண்ணத்தோடு பிடுங்கவில்லை, ஆசையோடுதான் பிடுங்கினேன். ஆசையோடு வந்த எத்தனையோ பேர் ஆளுக்கு ஒன்று எடுத்ததால்தான் அந்தச் செடிக்கு அந்தக் கதி வந்தது.

மலைக்கு இப்போது உள்ள காவல்

அன்றைக்கும் இன்றைக்கும் நிலைமை ரொம்ப மாறி விட்டது. நெய்யாறு வனவிலங்கு சரணாலயம் 1958-லேயே ஏற்பட்டது. பேப்பாறை சரணாலயம் 1983-ல் வந்தது. மலையின் அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை, 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 2001-ல் அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள்; பின்னால் இரண்டு மாநிலக் காடுகளும் அதில் சேர்ந்தன. சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இங்கே 2,254 வகை உயர் தாவரங்கள் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 400 வகைகள் இந்தப் பகுதிக்கே உரியவை என்றும் அவர்கள் குறிப்பு சொல்கிறது. இவ்வளவும் நம் வாசலில் இருக்கிறது!

படித்தவர்களுக்கு இந்த மலை மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. 1850களில், திருவனந்தபுரம் வானோக்கு நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் ப்ரௌன், மஹாராஜாவின் ஆதரவோடு இந்த மலை உச்சிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தார். கருவிகளை எல்லாம் மனிதர்கள் தலைச்சுமையாகத்தான் கொண்டு போயிருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு முதுகுப்பையோடு ஏறவே நமக்கு மூச்சு வாங்குகிறது.

இப்போது வருஷத்தில் ஒரு பருவம் மட்டும், பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, கேரள வனத்துறை யாத்திரைக்கு அனுமதி தருகிறது. இணையத்தில் முன்பதிவு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்து விடும், தத்கால் டிக்கெட் மாதிரி! மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக், மது, புகை எதுவும் கூடாது. பூஜை ஸாமானும் கொண்டு போகக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சுருக்கென்று இருக்கும், எனக்கும் இருந்தது. பிறகு 1984-ல் பாறை இடுக்கில் நான் செருகிய பையை நினைத்தேன். விதியை வரவழைத்தவர்களில் நானும் ஒருவன் என்று புரிந்தது.

மருமாள் கூப்பிட்டாள்

என் அக்கா கல்யாணமாகிப் பெங்களூர் போனாள். காலேஜில் பாடம் எடுத்தாள். எத்தனையோ மாணவர்களை எத்தனையோ மலைக்கு அழைத்துப் போனாள், அகஸ்தியகூடத்துக்கு மட்டும் போகவில்லை. 2016-ல் அவள் காலமானாள்.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண்கள் என்பதற்காக யாத்திரையைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2019 ஜனவரி 14 அன்று, முதல் நாள் போன சுமார் 100 பேரில் ஒரே பெண்ணாக தன்யா ஸனல் என்பவர் உச்சிக்குப் போனார். பாதுகாப்புத் துறையில் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். மலையைத் தெய்வமாக வழிபடும் காணி மக்களில் ஒரு பிரிவினர் அன்று போணக்காட்டில் உட்கார்ந்து அமைதியாகத் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தார்கள், வழி மறிக்கவில்லை. அவர்கள் நம்பிக்கையை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் நம் பக்கத்துக் காரணத்தைப் பற்றி நான் பேசலாம். அகஸ்தியர் பிரம்மசாரி என்று அப்பா சொன்னாரே, லோபாமுத்ரை யார்? அகஸ்தியரின் தர்மபத்தினி. ரிக்வேதத்தில் மந்திரம் கண்ட ரிஷிகை. அதை அப்பாவும் அறிவார், நானும் அறிவேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

2025 ஜனவரியில் அக்காவின் பெண், என் மருமாள், பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, அகஸ்தியகூடத்துக்கு ரெண்டு டிக்கெட் கெடச்சுடுத்து. வரேளா?" எனக்கு 62 வயது. மாமி, அதாவது என் அகத்துக்காரி, "முழங்கால் வலின்னு நேத்திக்குக் கூட தைலம் தேச்சேளே!" என்றாள். டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுத்து, "போகலாம். ஆனால் உடம்பு நில் என்றால் நிற்க வேண்டும்" என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். ஒரு மாதம் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன், கோயில் படிகளில் ஏறி இறங்கினேன்.

பிப்ரவரி முதல் வாரம், விதுரை வழியாகப் போணக்காடு போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது, பாழடைந்த லயங்கள். ஒரு காலத்தில் தமிழ் பேசும் தொழிலாளிகள் நிறைய இருந்த இடம். அங்கே பையைச் சோதித்து, பிளாஸ்டிக் எதுவும் போகவில்லை என்று உறுதி செய்துதான் விட்டார்கள். எங்களோடு வழிகாட்டியாகக் காணி இனத்தைச் சேர்ந்த ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாது, நம் அதியன்னூர் தமிழ் மாதிரியே!

முதல் நாள் அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று வரிசையாக ஓடைகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அட்டையாறு என்ற பேரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில்தான் அட்டை அதிகம், பிப்ரவரியில் காலுறைக்குள் கொஞ்சம் உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துக் கொண்டால் போதும். புல்வெளியைத் தாண்டினால் ஏழுமடக்கன் தேரி. ஏழு திருப்பம். அதற்கு மேல் முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது நம் முழங்கால் முட்டி நம் நெற்றியிலேயே வந்து இடிக்குமாம், அப்படிச் செங்குத்து. அங்கேதான் எனக்கு உடம்பு முதல் எச்சரிக்கை கொடுத்தது. பத்து அடிக்கு ஒரு தடவை நின்றேன். வழிகாட்டி அவசரப்படுத்தவே இல்லை. நான் நிற்கும் இடத்தில் எல்லாம் அவரும் நின்று, எனக்கு வெட்கமாக இல்லாமல் இருக்க, ஏதாவது ஒரு மரத்தைக் காட்டிப் பேசுவார்.

அப்படி நின்ற ஓர் இடத்தில்தான் 'ஆரோக்கியப்பச்சை' பற்றி மருமாள் கேட்டாள். உங்களில் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 1987-ல் இந்தக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் குழு, தங்களுக்கு நாக்குத் தள்ளும்போது கூட வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் ஏதோ சிறு பழத்தை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. அது அவர்கள் குல ரகசியம். பிறகு குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி போன்றவர்கள் நம்பிக்கை வைத்துக் காட்டிக் கொடுத்தார்கள். பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்குத் தயாரிப்பு உரிமை கொடுத்தது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். அதில் பாதியும், பின்னால் வரும் உரிமைப் பங்கில் பாதியும் காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997-ல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. பாரம்பரிய அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் இது. அதில் மனக்கசப்புகளும் வராமல் இல்லை. காணி மக்களில் எல்லோரையும் கேட்டார்களா என்ற கேள்வி எழுந்தது. வனத்துறைக்கும் அந்தச் செடியைப் பறிப்பது பற்றிக் கவலை இருந்தது.

எங்கள் வழிகாட்டி அந்தக் கதையைப் பற்றி அதிகம் பேசவில்லை. சிரித்து விட்டு, "காட்டில் தேவைக்கு ஒன்று எடுக்கலாம் சாரே, விற்க எடுத்தால் தீர்ந்து விடும்" என்றார். என் அக்கா ஒட்டி வைத்த அட்டையின் படம் மருமாளின் போனில் இருந்தது. அதை அவரிடம் காட்டினாள். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பேர்! எனக்கு எங்கே ஒளிந்து கொள்வது என்று தெரியவில்லை. அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பொங்காலப்பாறையில் நான் நின்றேன்

அதிருமலையில் ராத்திரி. கொட்டகை, யானை வராமல் சுற்றி அகழி. உள்ளூர்ச் சமிதிக்காரர்கள் சூடான கஞ்சியும் பயறும் போட்டார்கள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, கூரையே பறந்து விடும் போல். மறுநாள் உச்சிக்கு ஆறு கிலோமீட்டர். பொங்காலப்பாறை வரை போனேன். யாத்திரிகர்கள் முன்பு பொங்கல் வைத்த விசாலமான பாறை அது. அங்கிருந்து உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. மேலே கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய வழுக்குப் பாறைகள். என் மார்பில் படபடப்பு அடங்கவில்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

மருமாள், "நானும் இருந்துடறேன் மாமா" என்றாள். வழிகாட்டி, "சாரே, மலை எங்கேயும் ஓடிப் போகாது. சார் இங்கே இருங்கள், குட்டி வரட்டும்" என்றார். ஒரு காவலர் என்னோடு இருந்தார். அவள் போனாள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். 1984-ல் இதே இடத்தை ஐந்து நிமிஷத்தில் தாண்டிப் போயிருப்பேன். இப்போது பார்க்க நேரம் இருந்தது. கீழே மரங்கள் உயரமாக இருக்கின்றன, மேலே வர வர குட்டையாகி, காற்றுக்கு வளைந்து, குடை பிடித்த மாதிரி ஆகி விடுகின்றன. அதற்கும் மேலே புல்லும் பாறையும். எந்த உயரத்தில் எது மாறுகிறது என்று அக்கா கேட்டாளே, அதற்குப் பதில் 41 வருஷம் கழித்து எனக்குக் கண்ணில் பட்டது. சொல்ல அவள் இல்லை.

கையில் கற்பூரம் இல்லை, பால் இல்லை. மனசில் இருந்த ஆதித்ய ஹ்ருதயத்தைச் சொன்னேன். அந்த மலையில் அந்த முனிவருக்கு அதற்கு மேல் என்ன நைவேத்யம் வேண்டும்?

மத்தியானம் மருமாள் இறங்கி வந்தாள். முகம் எல்லாம் சிவந்து, கை எல்லாம் சிராய்ப்பு. போனில் செடிகளின் படம் மட்டும் 140 எடுத்திருந்தாள். ஓர் ஆர்க்கிட் படத்தைக் காட்டி, "மாமா, அம்மாவோட அட்டையில இருக்கற இலை இதே மாதிரி இல்லையோ?" என்றாள். "பறிச்சுண்டு வந்தயா?" என்று கேட்டேன், வேண்டுமென்றே. "போங்கோ மாமா!" என்றாள். அந்தச் செடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து வருகிறவர் அதைப் பார்க்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு

நம்மில் சிலர் இதைக் கேட்டு அடுத்த வருஷமே கிளம்பலாம். அதற்காகச் சில வார்த்தைகள்.

ஒன்று, அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுக்கும் போகாதீர்கள். யாரோ 'குறுக்கு வழி தெரியும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இளைஞர்கள், பெண்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அது கோடை தொடங்கும் காலம், புல் காய்ந்திருந்தது, தப்பிக்க வழி இல்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு, உடம்பை ஒரு மாதமாவது தயார் செய்து கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிச் சான்றிதழ் வாங்குங்கள். தெரிந்தவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டு போனால், உங்களைத் தூக்கிக் கொண்டு 15 கிலோமீட்டர் இறங்கப் போவது அந்தக் காணி மனிதர்கள்தான். திரும்பி வர வெட்கப்படாதீர்கள்.

மூன்று, உச்சிக்குப் போக முடியாத மாமா மாமிகளும் அந்தக் காட்டைப் பார்க்கலாம். நெய்யாறு அணையில் உட்கார்ந்து பார்த்தாலே மலை வரிசை தெரியும். பொன்முடிக்கு வண்டியே போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசத்தில் ஸ்நானம் செய்து அகஸ்தியர் அருவி வரை போகலாம். அங்கே துணியை ஆற்றில் விடும் வழக்கத்தை மட்டும் தயவு செய்து விட்டு விடுங்கள். தாமிரபரணியில் அள்ள அள்ளத் துணிதான் வருகிறது.

நான்கு, ஒன்றும் விட்டு வராதீர்கள், ஒன்றும் எடுத்து வராதீர்கள். நம் அகத்துக்கு வரும் விருந்தாளி கூடத்தில் குப்பை போட்டு விட்டு, போகிற போது பூஜை அறையிலிருந்து ஒரு விளக்கைத் தூக்கிக் கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும்? காடு காணி மக்களுக்கும் யானைக்கும் வரையாட்டுக்கும் சொந்த அகம். நாம் அங்கே மூன்று நாள் விருந்தாளி.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஒரு பெண் 'நானும் வரேன்' என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லி விடாதீர்கள். ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்லுங்கள். என் அப்பா நல்லவர், என் அக்கா மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு அன்றைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

பிரதமன் தயார் என்று உள்ளேயிருந்து சைகை வருகிறது.  சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகள் என்னோடு மொட்டை மாடிக்கு வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கே மலை எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன்.